ஹோல்ஸ்டின் ஈ ஃபிளாட் முதல் சூட்: புதிய விண்ட் பேண்டுகளுக்கு ஒரு மேடை வழிகாட்டி

ஆங்கிலேய இசையமைப்பாளர் கஸ்டவ் ஹோல்ஸ்ட் 1909இல் மிலிட்டரி பேண்டுக்காக எழுதிய முதல் சூட் (பல பகுதிகள் கோத்த உருப்படி), ஓபஸ் 28 எண் 1, பார்ட்டை, அதாவது ஒவ்வொரு கருவிக்குமான இசைத்தாளை, பிரித்துப் பார்த்தால் எளிதாகத் தெரியும். அதிக உயரமான சுரங்கள் இல்லை, சிக்கலான தாளக்கட்டு இல்லை, மூன்று பகுதிகளும் (சக்கோன், இன்டர்மெட்சோ, மார்ச்) சேர்ந்து 10 முதல் 11 நிமிடம். அதனாலேயே பல புதிய குழுக்கள் இதை எடுத்துக்கொண்டு, நான்காவது ஒத்திகையில் எங்கே சறுக்குகிறது என்று தெரியாமல் நிற்கின்றன. விரல் இங்கே பிரச்சினையாவது குறைவு. யார் எப்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதுதான் கடினம்.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுவோம். அன்றைய பிரிட்டனில் ‘மிலிட்டரி பேண்ட்’ என்றால் கிளாரினெட், புல்லாங்குழல், ஓபோ போன்ற உட்விண்ட் கருவிகளும் கார்னெட், டிராம்போன், டியூபா போன்ற பிராஸ் கருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்த குழு. பிராஸ் மட்டும் உள்ள பிராஸ் பேண்ட் வேறு. இந்த உருப்படியை பிராஸ் பேண்டுக்கு மாற்றி வாசிக்கும் வழக்கமும் உண்டு, ஆனால் இந்த வழிகாட்டி விண்ட் பேண்டுக்கானது. அந்தக் காலத்து மிலிட்டரி பேண்டுகள் பெரும்பாலும் ஆர்க்கெஸ்ட்ரா உருப்படிகளைத் தங்களுக்கேற்ப மாற்றி வாசித்துக்கொண்டிருந்தன. பேண்டின் குரலையே மனத்தில் வைத்து ஒரு முதல்தர இசையமைப்பாளர் எழுதியது அப்போது அரிது. ஹோல்ஸ்ட் இளமையில் டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர். பின்வரிசையில் உட்கார்ந்து பார் (தாளச் சுற்று) எண்ணிக் காத்திருப்பது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அது ஒவ்வொரு பார்ட்டிலும் தெரிகிறது.

எந்தப் பதிப்பை வாங்குவது

இதுதான் முதல் வேலை. இங்கே தவறினால் பிறகு எல்லா ஒத்திகையும் வீண். புழக்கத்தில் முக்கியமாக மூன்று விதமான அச்சுப் பதிப்புகள் உள்ளன. 1921இல் லண்டன் பூசி நிறுவனம் வெளியிட்டது முதல் பதிப்பு. அதில் நடத்துநருக்கு முழு ஸ்கோர் கிடையாது. எல்லாக் குரல்களையும் சில வரிகளில் சுருக்கித் தந்த கண்டென்ஸ்டு ஸ்கோர் மட்டுமே. 1948இல் முழு ஸ்கோர் வந்தது. அப்போது அமெரிக்க பேண்டுகளின் அமைப்புக்காகப் பல கருவிகள் சேர்க்கப்பட்டன, ஒலி தடித்தது. 1984இல் இசையமைப்பாளர் காலின் மாத்யூஸ், ஹோல்ஸ்டின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் திருத்திய பதிப்பு வெளியானது. பணம் செலவழிக்க முடிந்தால் 1984 பதிப்பையே வாங்குங்கள். முழு ஸ்கோர் இருக்கும், இன்றைய கருவிகளுக்கேற்ற பார்ட்டுகள் இருக்கும், ஹோல்ஸ்ட் நினைத்த மெல்லிய ஒலி ஓரளவு திரும்பக் கிடைக்கும்.

ஹோல்ஸ்ட் 1934இல் காலமானார். இந்தியாவிலும் பிரிட்டனிலும் மூல இசைக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே 1921 பார்ட்டுகளை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 1984 பதிப்பின் திருத்தங்களுக்குத் தனி உரிமை உண்டு, அதை நகலெடுக்கக் கூடாது. இலவசப் பார்ட்டுகளை எடுப்பவர்கள் மூன்று இடங்களில் விழுவார்கள். ஃப்ளூட், பிக்கோலோ பார்ட்டுகள் டி ஃபிளாட் கருவிக்கு, அதாவது சி என்று எழுதியதை வாசித்தால் டி ஃபிளாட் ஒலிக்கும் கருவிக்கு, எழுதப்பட்டவை. இன்றைய சி ஃப்ளூட்டில் வாசிக்க, எழுதியிருப்பதைவிட அரை சுரம் ஏற்றி வாசிக்க வேண்டும். ஹார்ன் பார்ட்டுகள் ஈ ஃபிளாட்டில் உள்ளவை. எஃப் ஹார்ன்காரர் ஒரு முழுச் சுரம் இறக்கி வாசிக்க வேண்டும். ஈ ஃபிளாட் டிரம்பெட் பார்ட்டை பி ஃபிளாட் டிரம்பெட்டில் வாசிப்பவர் நான்கு சுர இடைவெளி, அதாவது ச-விலிருந்து ம தூரம், ஏற்ற வேண்டும். புதியவர்களை மனத்துக்குள் மாற்றி வாசிக்கச் சொல்லாதீர்கள். கணினியில் புதிதாக எழுதி அச்செடுத்துக் கொடுங்கள். ஒரு வார வேலைதான்.

பதிப்புகளைக் கலக்காதீர்கள். பழைய அலமாரியில் கிடந்த 1948 டிராம்போன் பார்ட்டும் புதிதாக வாங்கிய 1984 கிளாரினெட் பார்ட்டும் ஒரே மேடையில் இருந்தால், ஒலிக்குறிகள் ஒத்துப்போகாது, குரல்கள் இரட்டிக்கும். ஒத்திகைக்கு முன் ஒருவர் உட்கார்ந்து, எல்லாப் பார்ட்டிலும் ஒத்திகை எழுத்துகள் (நிறுத்தித் தொடங்குவதற்கான அடையாள எழுத்துகள்) ஒரே பாரில் விழுகின்றனவா என்று எண்ணிப் பார்த்து, பார் எண்களைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும். 35 பார்ட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இதைச் செய்யாத குழு, ‘எங்கிருந்து?’ என்று கேட்டே அதைவிட அதிக நேரத்தை இழக்கும்.

எத்தனை பேர் வேண்டும்

ஹோல்ஸ்ட் பல பார்ட்டுகளில் ‘ஆட் லிப்’ என்று எழுதி வைத்தார். ஆள் இருந்தால் வாசிக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று பொருள். அப்படி எல்லாவற்றையும் விட்டால் 19 பேரே இதை முழுதாக வாசித்துவிட முடியும். மறுபக்கம், 1920 ஜூன் 23 அன்று லண்டனை ஒட்டிய ராணுவ இசைப்பள்ளியான நெல்லர் ஹாலில் நடந்த, ஆவணத்தில் உள்ள முதல் நிகழ்ச்சியில் 165 பேர் வாசித்தார்கள். இரண்டுமே சரி. புதிய குழுவுக்கு நடுவில் ஒரு எண்ணிக்கை போதும்.

38 பேர் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: பிக்கோலோ 1, ஃப்ளூட் 2, ஓபோ 1, ஈ ஃபிளாட் கிளாரினெட் 1, பி ஃபிளாட் கிளாரினெட் 8 (சோலோ, முதல், இரண்டாம், மூன்றாம் பார்ட்டுகளுக்கு இரண்டிரண்டு பேர்), பேஸ் கிளாரினெட் 1, பாஸூன் 1, ஆல்டோ சாக்ஸ் 1, டெனார் சாக்ஸ் 1, கார்னெட் 4, டிரம்பெட் 2, ஹார்ன் 4, டிராம்போன் 3, யூஃபோனியம் 1, டியூபா 2, டபுள் பேஸ் 1, டிம்பனி உட்படத் தாளக்கருவிகளுக்கு 4. உங்களிடம் பத்து ஆல்டோ சாக்ஸ்காரர்கள் இருந்தால் பத்துப் பேரையும் உட்கார வைக்காதீர்கள். பள்ளிக் குழுக்களில் இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு, யாரையும் விட மனம் வராது. மாற்றி மாற்றி இரண்டு நிகழ்ச்சிகளில் வாசிக்க வையுங்கள், அல்லது மூன்று பகுதிகளுக்கும் மூன்று அணியாகப் பிரியுங்கள். ஒரு பார்ட்டுக்கு ஒருவர் என்று எழுதப்பட்ட இடத்தில் ஐந்து பேர் சேர்ந்தால், நடுக்குரல் தடித்து உருப்படியின் கண்ணாடித் தெளிவு போய்விடும்.

ஈடுகட்ட முடியாதவர் ஒருவர் உண்டென்றால் அது யூஃபோனியம்காரர். குழுவின் மிக நல்ல பிராஸ் வாசிப்பாளரை அங்கே வையுங்கள். ஓபோ இல்லாவிட்டால் ஃப்ளூட் ஈடுகட்டும். பாஸூன் இல்லாவிட்டால் பேஸ் கிளாரினெட் தாங்கும். கார்னெட் கிடைக்காதவர்கள் டிரம்பெட்டில் வாசிக்கலாம். ஆனால் ஆழமான கிண்ணம் உள்ள மௌத்பீஸ் போட்டு, ஸ்டாண்டுக்குள் கருவியின் விரிந்த வாயைச் சற்றே தாழ்த்தி வாசிக்கச் சொல்லுங்கள். டிரம்பெட்டின் கூர்மை சக்கோனின் தொடக்கத்தைக் கிழித்துவிடும்.

பழைய கருவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் இறுதி வரை இன்றைய 440 ஹெர்ட்ஸைவிடக் கணிசமாக உயர்ந்த, 452 ஹெர்ட்ஸை ஒட்டிய சுதியில் வாசித்தன. அந்தக் காலத்துக் கிளாரினெட்டோ யூஃபோனியமோ பரம்பரையாகக் கைமாறி உங்கள் அலமாரிக்கு வந்திருந்தால், எவ்வளவு இழுத்தாலும் அது மற்றவர்களோடு சேராது. டியூனரில் பார்த்துவிட்டு ஒதுக்கி வையுங்கள்.

மூன்று சுரங்கள்

இந்த உருப்படி முழுவதும் மூன்று சுரங்களிலிருந்து முளைக்கிறது: ஈ ஃபிளாட், எஃப், மேலே உள்ள சி. நம் கணக்கில் இரண்டரைக் கட்டையில் ச, ரி, த. ஒரு சிறிய படி, பிறகு ஒரு பெரிய தாவல். சக்கோனின் தீம் இதில்தான் தொடங்குகிறது. இன்டர்மெட்சோவின் மெட்டும் இதைச் சார்ந்ததே. மார்ச்சின் முதல் மெட்டு இதன் தலைகீழ் வடிவிலிருந்து வருகிறது, நடுவில் வரும் ட்ரயோவின் மெட்டு நேர் வடிவிலிருந்து. அதனால்தான் எல்லாப் பகுதிகளும் ஒரே சொற்றொடரின் மேல் எழுந்தவை என்றும் இடைவெளியின்றித் தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்றும் ஹோல்ஸ்ட் ஸ்கோரிலேயே கேட்டுக்கொண்டார்.

முதல் ஒத்திகையில் பார்ட்டைத் திறக்கவே வேண்டாம். எல்லோரும் இந்த மூன்று சுரங்களை வாசிக்கட்டும். பி ஃபிளாட் கருவிகளுக்கு எஃப், ஜி, டி. ஈ ஃபிளாட் கருவிகளுக்கு சி, டி, ஏ. எஃப் ஹார்னுக்கு பி ஃபிளாட், சி, ஜி. சி கருவிகளுக்கு எழுதியபடி. முதலில் பாடச் சொல்லுங்கள், பிறகு வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு தலைகீழாக இறங்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் போதும். அதன்பின் சக்கோனின் எட்டு பார் தீம் முழுவதையும் எல்லோருக்கும் ஒரே வரியாக அச்சிட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்ய வையுங்கள். டிரம் வாசிப்பவர்களும் பாட வேண்டும்.

சக்கோன்

சக்கோன் என்பது ஒரே வரி திரும்பத் திரும்ப வர, அதன் மேல் மற்ற குரல்கள் மாறிக்கொண்டே போகும் பழைய ஐரோப்பிய வடிவம். பல்லவி வரியை விடாமல் வைத்துக்கொண்டு நிரவல் செய்வதை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஹோல்ஸ்டின் தீம் மூன்று தட்டுக் கணக்கில் எட்டு பார் நீளம். அது 16 முறை வருகிறது. எப்போதும் அடியில் இருக்காது. மேலே ஏறும், நடுக்குரலுக்குள் ஒளியும், நடுவில் தலைகீழாகவும் திரும்பும்.

எனவே நடத்துநரின் வீட்டுப்பாடம் இது: ஒரு தாளில் 1 முதல் 16 வரை எழுதி, ஒவ்வொரு முறையும் தீம் யாரிடம் இருக்கிறது, எந்த ஒலி அளவில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதையே ஒவ்வொரு பார்ட்டிலும் குறிக்கச் செய்யுங்கள். தீம் தன்னிடம் இருந்தால் ஒரு பெட்டி, பக்கத்தில் இருப்பவரிடம் இருந்தால் அவர் கருவியின் பெயர். ‘எனக்குத் தீம் கேட்கிறதா?’ என்ற ஒரே கேள்வியைக் கொண்டு 38 பேரும் தங்கள் ஒலியைத் தாங்களே சரிசெய்துகொள்ள முடியும். கேட்கவில்லை என்றால் குறைக்க வேண்டியவர் கேட்பவர்தான்.

தொடக்கம் டியூபாவும் யூஃபோனியமும் மட்டும். இங்கே மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கும். முதலாவது, அந்த மூன்றாவது சுரமான சி தாழ்ந்து விழுவது. பி ஃபிளாட் யூஃபோனியத்தில் முதல் வால்வில் வரும் மேல் சி இயல்பாகவே சற்று இறங்கிப் பேசும். அதோடு தாவலுக்குப் பயந்து மூச்சை நெருக்கினால் இன்னும் இறங்கும். டியூனரை வைத்து மூச்சின் வேகத்தைக் கூட்டிப் பழகட்டும், உதட்டை இறுக்கிச் சரிசெய்யக் கூடாது. இரண்டாவது, மூச்சு. எட்டு பாரையும் ஒருவர் ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. நான்காம் பாரின் முடிவில் எல்லோரும் சேர்ந்து மூச்செடுத்தால் தீம் இரண்டாக உடைந்துவிடும். யூஃபோனியம், முதல் டியூபா, இரண்டாம் டியூபா மூவரும் வெவ்வேறு இடங்களில் எடுக்குமாறு மூச்சுக் குறியான கமாக்களைப் பென்சிலால் போடுங்கள். மூன்றாவது, தாளம். தீமின் பெரும்பகுதி மினிம் (இரண்டு தட்டு நீளம்), க்ராட்செட் (ஒரு தட்டு நீளம்) என்று மாறி மாறி வருகிறது. மூன்றாம் தட்டில் வரும் அந்த க்ராட்செட்டைக் குறுக்கினால் வால்ட்ஸ் ஆட்டமாகிவிடும். அதை முழு நீளமும் தாங்கி அடுத்த பாருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

டெம்போவை அலெக்ரோ மொடராட்டோ (மிதமான விரைவு) என்று குறித்திருக்கிறார் ஹோல்ஸ்ட். புதிய குழுவுக்கு நிமிடத்துக்கு க்ராட்செட் 80 முதல் 88 வரை பாதுகாப்பு. அந்த வேகத்தில் இந்தப் பகுதி ஐந்து நிமிடத்தை ஒட்டி முடியும். அதைவிட மெதுவாகப் போனால் கம்பீரம் வருவதாக நினைக்கிறார்கள். வருவது தூக்கம்தான், டியூபாவின் மூச்சும் தீரும். பிரில்லாண்டே (பளிச்சென) என்று குறித்த இடத்தில் உட்விண்டுக்குத் தட்டுக்கு நான்கு சுரம் விழும் செமிக்வேவர் ஓட்டங்கள் வரும். எந்த டெம்போவில் அவை தெளிவாக வருகின்றனவோ அதுவே உங்கள் டெம்போ. முதலில் 60இல், நான்கு சுரத்துக்கு ஒரு முறை நின்று பழகுங்கள். பிறகு நீண்டது–குறுகியது என்று மாற்றித் தாளம் போட்டுப் பழகுங்கள். பிறகு 4, 4ஆக ஏற்றுங்கள். மூன்றாம் கிளாரினெட் வரிசையில் இருப்பவர் ஓட்டத்தில் பாதியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, முதல் சுரமும் போய்ச் சேரும் சுரமும் சரியாக விழுந்தால் போதும். தாமதமாக எல்லாச் சுரத்தையும் வாசிப்பதைவிட அது நல்லது.

நடுவில் ஒலி சட்டென மெலிந்து, ஹார்ன், ஆல்டோ சாக்ஸ் போன்ற ஒற்றைக் குரல்கள் பேசும் இடம் வருகிறது. தீம் தலைகீழாகத் திரும்புவதும் இந்த நடுப்பகுதியில்தான். பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் டெம்போவை இழக்கின்றன. சத்தம் குறைந்ததும் வேகமும் குறைய வேண்டும் என்று கை தானாக நினைக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒத்திகையில் இந்தப் பகுதிக்கு மட்டும் சைட் டிரம்காரரை மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், மேடையில் அதை நிறுத்திவிடலாம். ஆல்டோ சாக்ஸ் மூலத்தில் ஆட் லிப் என்பதால், ஆள் வராத நாளில் அந்த வரியை யார் எடுப்பது என்று முன்பே ஒருவரை நியமித்து வையுங்கள்.

பிறகு அடியிலிருந்து மெல்ல எழுந்து மயெஸ்டோசோ (கம்பீரமாக) என்று குறித்த இடம் வரை போகும் ஏற்றம். இந்த உருப்படியின் உயிரே இங்கேதான் இருக்கிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் ஏறத் தொடங்கினால், பாதி வழியிலேயே உச்சம் வந்துவிடும், மேலே ஏற இடமிருக்காது. வரிசை வையுங்கள்: முதலில் அடிக்குரல்கள், பிறகு ஹார்ன், சாக்ஸ், பிறகு கிளாரினெட், கடைசியில் கார்னெட், டிரம்பெட். கார்னெட்காரர்களின் பார்ட்டில் கிரெசண்டோ (ஒலி படிப்படியாக ஏறுவது) குறி தொடங்கும் இடத்துக்கு இரண்டு பார் தள்ளிச் சிவப்புக் கோடு போட்டு ‘இங்கிருந்து’ என்று எழுதுங்கள். நிறுத்தி வைத்திருப்பது அவர்களுக்குப் பெரும் தவிப்பாக இருக்கும், அந்தத் தவிப்பையே கேட்பவர் ஏற்றமாக உணர்கிறார். ஃபோர்ட்டிசிமோவுக்கு (மிக உரக்க) இரண்டு எஃப், கடைசிக்கு மூன்று எஃப் என்று ஹோல்ஸ்ட் வேறுபடுத்தி எழுதியதை மதியுங்கள். மூன்றாவது எஃப் வருவதற்குள் யாரும் முழு ஒலியைத் தொடக் கூடாது.

பேஸ் டிரம் 32 முதல் 36 அங்குலம் இருந்தால் நல்லது. உருட்டலுக்கு ஒரே மாதிரியான இரண்டு மென்தலைக் குச்சிகள் வேண்டும். ஒற்றைக் குச்சியால் வேகமாகத் தட்டுவது உருட்டல் ஆகாது. ஃபிரெடெரிக் ஃபென்னல் 1978இல் கிளீவ்லாந்தில் நடத்திய டிஜிட்டல் பதிவு பேஸ் டிரம்மின் ஆழத்துக்குப் பேர்போனது. அதைக் கேளுங்கள், ஆனால் உங்கள் மண்டபத்தில் அதை நகலெடுக்க முயலாதீர்கள். சிமெண்ட் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் அந்த அடி டியூபாவை முழுதாக மூடிவிடும்.

முதலும் இரண்டும் சேரும் விளிம்பு

இடைவெளியின்றித் தொடர வேண்டும் என்பதால், சக்கோனின் கடைசிக் கூட்டுச்சுரத்துக்குப் பின் உங்களிடம் சில நொடிகளே உள்ளன. அதற்குள் கார்னெட்காரர் மியூட் (கருவியின் வாயில் செருகி ஒலியை அடக்கும் அடைப்பு) போட வேண்டும், தாளக்காரர் அடுத்த கருவியைக் கையில் எடுக்க வேண்டும், எல்லோரும் பக்கம் திருப்ப வேண்டும். மியூட்டை நாற்காலிக்கடியில் தரையில் வைத்தால் எடுக்கும்போது உருண்டு சத்தம் போடும். முழங்கால்களுக்கிடையில் இறுக்கி வைக்கச் சொல்லுங்கள், அல்லது ஸ்டாண்டில் மாட்டும் வளையம் வாங்குங்கள். டாம்பரினை ஒரு துண்டுத் துணியின் மேல் வையுங்கள். இந்த விளிம்பை மட்டும் தனியாக, கடைசி எட்டு பார் வாசித்து அடுத்ததின் முதல் எட்டு பாருக்குள் நுழைவதாக, ஒவ்வொரு ஒத்திகையிலும் இரண்டு முறை செய்து பாருங்கள். நடத்துநர் கையைத் தாழ்த்தாமல் வைத்திருந்தால் பார்வையாளர்கள் கைதட்ட மாட்டார்கள். அறிவிப்பாளர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

இன்டர்மெட்சோ

வேகம் விவாச்சே (துள்ளலான விரைவு). க்ராட்செட் 132க்குக் கீழே போனால் கனக்கும், 144க்கு மேலே போனால் நாக்கு தடுமாறும். ஓபோ, சோலோ கிளாரினெட், மியூட் போட்ட கார்னெட் மூன்றும் ஒரே மெட்டைச் சேர்ந்து பேசித் தொடங்குகின்றன. மூன்றும் ஒரே கருவி போலக் கேட்க வேண்டும் என்பதே ஹோல்ஸ்டின் விருப்பம். ஆனால் ஸ்ட்ரெயிட் மியூட் போட்டதும் கார்னெட்டின் சுதி சற்று ஏறும். ஓபோவோ பழைய சுதியில் இருக்கும். மூவரையும் தனியறைக்கு அழைத்து, மியூட் போட்ட நிலையில் கார்னெட்டின் ஸ்லைடு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, ஸ்லைடில் பென்சில் கோடு போட்டுவிடுங்கள். மேடையில் சரிபார்க்க நேரம் இருக்காது.

துணைக்கு வரும் கிளாரினெட்டுகளின் க்வேவர்கள் (அரைத் தட்டுச் சுரங்கள்) குறுகலாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். நாக்கின் நுனி மட்டும் ரீடைத் தொடட்டும், மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சை நிறுத்தி விடுபவர்கள் பத்தாவது பாரில் பின்தங்குவார்கள்.

பிறகு நான்கு தட்டுக் கணக்குக்கு மாறி, கிளாரினெட் ஒரு நீண்ட நாட்டுப்புற மெட்டுப் போன்ற வரியைப் பாடுகிறது. குறி லிஸ்டெஸோ டெம்போ, அதாவது தட்டின் வேகம் மாறக் கூடாது. மெட்டு நீளமாக இருப்பதால் வேகமே குறைந்துவிட்டதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தைத்தான் அவர் கேட்கிறார், உண்மையில் குறைப்பதை அல்ல. முடிவில் இரண்டு மெட்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து, சி மைனரிலிருந்து சி மேஜருக்குத் திரும்பி, காற்றில் கரைவதுபோல அடங்கும். அந்தக் கடைசி மென்மையான சுரங்களுக்கு அச்சம் வேண்டாம். ஒருவர் தவறினாலும் கேட்காத அளவுக்கு மெல்லிசாக வாசிப்பதைவிட, உறுதியாகத் தொடங்கிக் குறுகலாக விடுவது பாதுகாப்பானது.

மார்ச்

இங்கே பிராஸ் வரிசையின் நேரம். இத்தனை நேரம் அடங்கியிருந்தவர்கள் கட்டவிழ்ந்துவிடுவார்கள், முதல் பக்கத்திலேயே உதடு களைத்துவிடும். பாருக்கு இரண்டு மினிம் கணக்கில், நிமிடத்துக்கு மினிம் 112 முதல் 120. பிராஸ் மெட்டில் சுரங்களுக்கிடையே காற்று தெரிய வேண்டும். ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தமாகத் தொடங்கி உடனே சற்று விட்டுவிடுங்கள், மணி அடித்தபின் ஒலி ஓய்வதுபோல. நீட்டி இழுத்தால் வேகமும் கனமும் சேர்ந்து சகதியாகும்.

ட்ரயோ ஏ ஃபிளாட்டில். மெட்டு நடு, கீழ் எல்லையில் உள்ள உட்விண்டுக்கும் யூஃபோனியத்துக்கும் வருகிறது. கிளாரினெட்டின் அந்தத் தாழ்ந்த எல்லை இனிமையானது, ஆனால் தூரம் போகாது. ஆகவே துணைக்குரல்கள் ஒரு படி குறைத்து வாசிக்க வேண்டும். மூச்சு நான்கு பாருக்கு ஒரு முறை. கடைசியில் மார்ச் மெட்டும் ட்ரயோ மெட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கூட்டத்தில் ட்ரயோ மெட்டு புதைந்துபோவதுதான் வழக்கம். அதை வைத்திருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லி ஒரு முறை ஒத்திகை பாருங்கள். மற்றவர்களுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று கண்ணாலேயே புரிந்துவிடும்.

முடிவை நெருங்கும்போது வரும் டெம்போ மாற்றக் குறிகளைக் குழுவாக வாயால் தட்டிச் சொல்லிப் பழகுங்கள். வேகம் கூடும் இடத்தில் சைட் டிரம்தான் தலைவர், நடத்துநரின் கை அல்ல. அவர் மட்டும் சரியாகப் பிடித்தால் மீதிப் பேர் ஒட்டிக்கொள்வார்கள்.

எட்டு ஒத்திகை போதும்

இரண்டு மணி நேரம் வீதம் எட்டு ஒத்திகை என்று வைத்தால், முதல் ஒத்திகை மூன்று சுரங்களுக்கும் தீமுக்கும். அடுத்த மூன்று சக்கோனுக்கு. பாதி நேரம் இதற்குப் போவதைக் கண்டு பதறாதீர்கள், இங்கே கற்றது மற்ற இரண்டு பகுதிகளிலும் தானாக வந்து சேரும். ஐந்தாவதும் ஆறாவதும் இன்டர்மெட்சோவும் மார்ச்சும். ஏழாவதில் நிறுத்தாமல் முழுதாக மூன்று முறை. ஒவ்வொரு முறைக்குப் பின்னும் ஐந்து நிமிடம் உதடு ஓய்வு. எட்டாவதை நிகழ்ச்சி மண்டபத்திலேயே வையுங்கள். மின்விசிறியும் விளக்கும் போட்டு, நிகழ்ச்சி நேரத்தில் இருக்கும் வெப்பத்திலேயே டியூன் செய்யுங்கள். சூடேறினால் காற்றுக்கருவிகளின் சுதி ஏறும். குளிர்ந்த அறையில் டியூன் செய்துவிட்டு மேடையேறினால், ஏறாமல் நிற்கும் தாளக்கருவிகளோடும் டபுள் பேஸோடும் மோதும்.

நிகழ்ச்சித்தாளில் என்ன எழுதுவது என்று பலர் கேட்பார்கள். ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் கற்று ரிக்வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைத்தவர், 1908இல் சாவித்திரி கதையை ஓபராவாக எழுதியவர். நம் வாசகர்களுக்கு அது ஆர்வமூட்டும், ஒரு வரி எழுதலாம். ஆனால் இந்தச் சூட்டில் அதன் சாயலைத் தேடாதீர்கள். இது ஆங்கிலேய நாட்டுப்பாடல் மணமும் அணிவகுப்பு நடையும் கலந்த உருப்படி. மூன்று பகுதிகளின் பெயர், 1909 என்ற ஆண்டு, ‘பகுதிகளுக்கிடையே கைதட்ட வேண்டாம்’ என்ற வேண்டுகோள், மூன்று சுரங்களைப் பற்றி இரண்டு வரி. அவ்வளவே போதும். முடிந்தால் உருப்படி தொடங்கும் முன் யூஃபோனியம்காரரை அந்த எட்டு பாரை மட்டும் ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த மெட்டைக் காதில் வாங்கிவிட்ட பார்வையாளர், பிறகு 16 முறையும் அதைத் தாமாகவே தேடிக் கண்டுபிடிப்பார்.